கதவைச் சாத்திவிட்டுப் போகவும்

ஒன்பது கல்தூண்கள் நிற்கும் மேட்டில்
பாதை மூன்றாகப் பிரிகிறது.
மேட்டு நிலம் மிதிபட்டுச் சாகாமலிருக்க
மாதத்தைப் பார்த்துப் பாதையை மாற்று என்கிறது பலகை.
ஜூலை வரை சிவப்பு, ஆகஸ்டிலிருந்து நீலம்.

இன்று முப்பத்தொன்றா, ஒன்றாம் தேதியா?
கடலில் தொடங்கி ஏழு நாள் நடந்தவனுக்கு
வரக்கூடிய சந்தேகம்தான்.
"உனக்குத் தேதி என்றைக்கு நினைவிருந்தது"
என்றாள் பெர்னிஸ் அக்கா.

அப்பாவின் அறுவை சிகிச்சையைச் சொல்கிறாள்.
பதினோரு வருடமாக அதைத்தான் சொல்கிறாள்,
தேநீர் ஊற்றும்போது,
என் நாய்க்குப் பெயர் வைத்த அன்று,
பேருந்து தாமதமானால்கூட.

வரைபடம் அவளிடம் இருந்தது.
ரொட்டியும் பாலாடைக்கட்டியும் என்னிடம்.
அவள் நடந்தாள். நான் நின்றேன்.
பிறகு நானும் நடந்தேன், அரை மைல் பின்னால்,
அவளுடைய மஞ்சள் மழைச்சட்டையை
வரைபடமாக வைத்துக்கொண்டு.

கரிச்சேறு முழங்கால்வரை வாங்கி
மனமில்லாமல் திருப்பிக் கொடுத்தது.
தூறல். பிறகு தூறல் இல்லாத மாதிரி ஒரு தூறல்.
ஏதோ ஒரு பறவை ஒரே கேள்வியைக்
கேட்டுக்கொண்டே கூட வந்தது.

விடுதிக்கார திருமதி அவுத்வெயிட்
"தம்பதிக்கு ஒரே கட்டில் போதுமா?" என்றாள்.
"ஐயோ, வேண்டாம்" என்றோம்.
அன்று நாங்கள் சேர்ந்து பேசியது அவ்வளவுதான்.

காலையில் இருவருக்குமான மதிய உணவை
ஒரே பையில் கட்டி என் கையில் திணித்தாள் அவள்.
அக்கா அதற்குள் வாசலில் இல்லை.

பள்ளத்தாக்கு முழுக்கக் கல்சுவர்,
சுவருக்குச் சுவர் ஒரு கேட்,
ஒவ்வொரு கேட்டிலும் அதே எழுத்து:
கதவைச் சாத்திவிட்டுப் போகவும்.
நான் போய்ச் சேரும்போதெல்லாம்
கதவு சாத்தியிருக்கும்.
சங்கிலி இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்.

கேட் இல்லாத இடத்தில் சுவரில் ஓர் இடுக்கு.
ஆடு நுழையாது, மனிதன் நுழையலாம்,
வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டால்.
இரண்டு இடுக்குகளில் நான் ஆடாக இருந்தேன்.

நாலாவது கேட்டுக்குக் கொக்கி இல்லை.
நீலக் கயிறால் கட்டியிருந்தாள்,
பள்ளிக்கூடம் போகுமுன் என் ஷூவுக்குப் போடும்
அதே இரட்டை முடிச்சு.
பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டும்.
கயிற்றில் ஆட்டு வாடையும் டீசலும்.
கடித்துக்கொண்டிருந்தபோது,
மறுநாள் திராட்சைப் பையோடு போய் நின்றதும்
கட்டில் விரிப்பை மாற்றியிருந்ததும்
நினைவுக்கு வந்தன.
திருப்பிக் கட்டினேன். அவ்வளவு நன்றாக வரவில்லை.

அதற்கப்புறம் வேலியோரக் காட்டு ராஸ்பெர்ரிப் புதரில்
கை எட்டும் உயரத்துக்குப் பழமே இல்லை.
பழுக்காததையும் பறித்திருந்தாள்.
அவ்வளவு பசி.
பை என் முதுகில் கனத்தது.
கத்திக் கூப்பிட்டிருக்கலாம்.
காற்றும் என் பக்கமாகத்தான் அடித்தது என்று
ஒரு சாக்கு வைத்திருந்தேன்.

ஆற்றங்கரைக்கு இறங்கும் சரிவில்
மஞ்சள் சட்டை நகரவில்லை.
நாலு சக்கர பைக்கில் வந்த ஒரு குடியானவர்
கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் அம்மா என்று
கேட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுப்
போயிருக்கிறார்.
இருநூறு ஆடுகள். விட்டுவிட்டுப் போக முடியாது.
கதவை விரியத் திறந்து
அதன்மேல் சாய்ந்து நின்றாள்,
தலையிலிருந்து மழை ஒழுக.

முதுகில் சிவப்பு மைக் குறியோடு
இடித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் அவை நுழைய,
நொண்டும் ஒரு கிழ ஆட்டுக்குப் பின்னால்
நான் மெதுவாக வந்தேன்.

"எல்லாம் வந்தாச்சா?" என்று கத்தினார் அவர்,
பைக்கை விட்டு இறங்காமலே.

அக்கா என்னைப் பார்த்தாள்.
"இருங்கள்" என்றாள். "இன்னும் ஒன்று இருக்கிறது."

நான் உள்ளே வந்தேன்.
சங்கிலியை நான்தான் மாட்டினேன்,
இரண்டு தடவை தவறவிட்டு.
முட்டை ரொட்டி நசுங்கிப்போயிருந்தது.
அவள் பெரியதை எடுத்துக்கொண்டாள்.